கிர்கிஸ்தானில் தனியாகச் சுற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அங்கே மனிதர்கள் நல்லவர்கள், எப்படியும் பார்த்துக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கையோடு, குறைந்த காசில் முதுகுப்பை தூக்கிக் கிளம்புகிறவர்கள் இப்போது அதிகம். கிர்கிஸ்தானைப் பொறுத்தவரை, மனிதர்கள் நல்லவர்கள் என்பது முழு உண்மை. கோடையில் மலைமேய்ச்சல் நிலங்களில் நடந்துபோனால் ஏதாவது ஒரு யுர்ட் கூடாரத்திலிருந்து உள்ளே வரச்சொல்லிக் கைகாட்டுவார்கள். ரொட்டி, டீ, கய்மாக் என்னும் கெட்டிப் பாலாடை எல்லாம் முன்னால் வந்துவிடும். இந்த அன்பையே தங்கும் செலவுக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் மாற்றாகக் கணக்குப் போடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

அந்தக் கூடாரத்தில் இருப்பவர்கள் பொழுதுபோக்க மலையேறியவர்கள் இல்லை. ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆடு, மாடு, குதிரைகளை மேய்த்து, பால் கறந்து, குளிர்காலத்துக்கும் சேர்த்துச் சம்பாதிக்கும் குடும்பம் அது. மாவும் சர்க்கரையும் கீழே ஊரிலிருந்து வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு வந்தவை. உங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட்டால் அவர்கள் கையிருப்பு அந்த அளவுக்குக் குறையும். அதனால் ஊரிலிருந்து கிளம்பும்போதே டீத்தூள், சர்க்கரை, பழம், மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள். இரவு தங்கினால் பணம் கொடுங்கள். வேண்டாம் என்று மறுத்தால், "குழந்தைகளுக்கு" என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொரு குழப்பம், நாம் அங்கே விருந்தாளியா, வாடிக்கையாளரா என்று தெரியாமல் போவது. 3,016 மீட்டர் உயரத்திலுள்ள சோங்-கோல் ஏரிக்கரையில் பல யுர்ட்கள் பயணிகளுக்காகவே போடப்பட்டவை. அங்கே தங்குவதற்குக் கட்டணம் உண்டு. உள்ளே நுழையும்போதே எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். காலையில் கிளம்பும்போது "நீங்கள் அழைத்ததால்தானே வந்தேன்" என்று நிற்பது இரண்டு பக்கமும் மனக்கசப்பு.

சாலையில் லிஃப்ட் கேட்பதிலும் இதே சங்கடம் வரும். மர்ஷ்ருத்கா என்னும் சிறு வேன்களும் ஆள் நிரம்பினால் கிளம்பும் ஷேர் டாக்ஸிகளும்தான் அங்கே ஊர் விட்டு ஊர் போகும் வழி. சாலையோரம் நிற்கிறவரை ஏற்றிக்கொள்ளும் கார்க்காரர் பெரும்பாலும் ஷேர் டாக்ஸி அளவுக்குப் பணம் எதிர்பார்ப்பார், அதில் தப்பும் இல்லை. கதவைத் திறக்கும் முன்பே ரஷ்ய மொழியில் "ஸ்கோல்கோ?" என்று கேளுங்கள். எவ்வளவு என்று அர்த்தம். சும்மா ஏற்றிக்கொள்கிறேன் என்றால் சந்தோஷம்.

வீட்டுக்குள் போனால் வாசலிலேயே காலணியைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். நம்மவர்கள் பிசகுவது ரொட்டியிலும் டீயிலும். ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது, தரையில் போடக் கூடாது. உணவு பரப்பிய விரிப்பைத் தாண்டிப் போகக் கூடாது. டீயைக் கோப்பையில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். கோப்பை காலியானதும் திரும்பத் திரும்பச் சூடாக ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் அங்கே மரியாதை. சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொள்வார்கள். அதற்குப் பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. உங்களுக்காக ஆட்டிறைச்சி சமைத்த பிறகு மறுத்தால் அந்த வீட்டு அம்மாவுக்கு வருத்தமாகிவிடும்.

வோட்கா விஷயத்தில் நடுவழி கிடையாது. முதல் கோப்பையை வாங்கிக்கொண்டால் இரண்டாவதை மறுப்பது மிகக் கஷ்டம். குடிக்காதவர்கள் நெஞ்சில் கை வைத்து முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொழுகை, நோன்பு என்று குடிக்காமல் இருப்பவர்கள் அங்கேயும் உண்டு, புரிந்துகொள்வார்கள். ஓட்டுநரிடம் வோட்கா வாடை அடித்தால் அந்தக் காரில் ஏறவே வேண்டாம். மனசு நோகுமே என்று பார்க்காதீர்கள். தனியாகப் போகும் பெண்கள், ஆண்கள் மட்டும் இருக்கும் காரையும் கூடாரத்தையும் தவிர்த்துவிட்டு, பெண்களும் குழந்தைகளும் இருக்கும் குடும்பத்தோடு தங்குவது நல்லது. மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

மனிதர்களின் அன்பால் சரிசெய்ய முடியாத விஷயங்களும் உண்டு. சீன எல்லையை ஒட்டிய கெல்-சூ ஏரி போன்ற இடங்களுக்கு எல்லை அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால், கூட வரும் உள்ளூர்க்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்புவார்கள். விமான நிலையத்தில் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால், யாராவது இடம் கொடுப்பார்கள் என்பது பதிலாகாது. முதல் சில இரவுகளுக்கான முன்பதிவு, திரும்பும் டிக்கெட் இரண்டையும் கையில் வைத்திருங்கள். செப்டம்பர் கடைசியில் மேய்ச்சல் குடும்பங்கள் கீழே இறங்கிவிடும்; அதற்கப்புறம் மேலே போனால் அழைக்க ஆளே இருக்காது. அங்கே கோடையிலும் பனி பெய்வதுண்டு. நல்ல தூங்குபை இல்லாமல் ஏறாதீர்கள். போலீசுக்கு 102, ஆம்புலன்சுக்கு 103. ஆனால் மேய்ச்சல் நிலங்களில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எந்தப் பாதையில் போகிறீர்கள், என்று திரும்புவீர்கள் என்பதைக் கீழே தங்கிய விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்புறம் புகைப்படம். கேட்காமல் எடுக்காதீர்கள், அனுப்புகிறேன் என்று சொன்னால் கட்டாயம் அனுப்புங்கள். மேலே இருக்கும்போதே அந்த வீட்டுப் பையனின் வாட்ஸ்அப் எண்ணை வாங்கிக்கொண்டால், ஊருக்கு இறங்கியதும் முதல் வேலையாக அனுப்பிவிடலாம்.