கோலப்புள்ளியை எண்ணாமல் கூட்டலாம்: கூட்டுத் தொடர்வரிசை, முதல் பாடம்

மார்கழி விடியலில் காரைக்குடித் தெருக்களில் நடந்தால், "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று எந்த வாசலிலிருந்தாவது குரல் கேட்கும். நடு வரிசையில் 15 புள்ளி, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8 வரை; ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடையில் விழுவதுதான் இடைப்புள்ளி. கூட்டுத் தொடர்வரிசை பழக இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. "மொத்தம் எத்தனை புள்ளிடா?" என்று சின்ன வயதில் அப்பத்தா கேட்டார். ஒவ்வொன்றாக எண்ணி, பாதியில் குழம்பி, திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில், உச்சியிலிருந்து நடு வரைக்கும் வரிசைகளை எழுதுங்கள்:

8, 9, 10, 11, 12, 13, 14, 15

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு புள்ளி கூடுகிறது. இப்படி ஒரே அளவில் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போனால் அது கூட்டுத் தொடர்வரிசை. இங்கே 8 முதல் உறுப்பு, 1 பொது வித்தியாசம்.

அடுத்து, எத்தனை உறுப்புகள்? வழுக்குகிற இடம் இதுதான். 15-இல் 8 போனால் 7. ஆனால் விரல் வைத்து எண்ணினால் 8 வரிசை இருக்கிறது! கழித்தால் கிடைப்பது தாவல்களின் எண்ணிக்கை. நாம் நின்று தொடங்கிய வரிசை அதில் சேராது. ஆகவே கடைசியிலிருந்து முதலைக் கழித்து, வித்தியாசத்தால் வகுத்து, அப்புறம் 1 கூட்டுங்கள்.

இனிக் கூட்டல். அதே வரிசையைக் கீழே தலைகீழாக எழுதுங்கள்:

15, 14, 13, 12, 11, 10, 9, 8

மேலும் கீழும் கூட்டினால் 8+15=23, 9+14=23, எங்கும் 23தான். மேலே ஒன்று ஏற, கீழே ஒன்று இறங்குகிறது. 8×23=184. இரண்டு முறை எழுதியதால் பாதி, 92.

கூடுதல் = எண்ணிக்கை × (முதல் + கடைசி) ÷ 2

ஆரியபட்டர் கி.பி. 499-லேயே சொல்லிவைத்த வழி இது. பள்ளியில் எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

கோலம் இன்னும் முடியவில்லை. நடுவுக்குக் கீழே 14-லிருந்து 8 வரை இறங்க வேண்டும். வித்தியாசம் −1 ஆகிவிட்டதால் இது தனித் தொடர்வரிசை: 7×22÷2=77. மொத்தம் 92+77=169 புள்ளி.

கடைசி உறுப்பு தெரியாவிட்டால்? புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைக்கும் நேர்ப்புள்ளியில், உச்சியிலிருந்து வரிசைகள் 1, 3, 5 என்று இரண்டிரண்டாக ஏறும். எட்டாவது வரிசைக்கு ஏழு தாவல்: 1+7×2=15. அதுவரை கூடுதல் 8×16÷2=64.

21 புள்ளி, 11 வரை, இடைப்புள்ளி. இதை நீங்களே போட்டுப் பாருங்கள். 331 வர வேண்டும். 352 வந்தால், நடு வரிசையை இரண்டு தடவை சேர்த்துவிட்டீர்கள்.