வானிலைத் துறைக்கு எந்த டிகிரி? குரூப், அலைடு, முதுகலை

பிளஸ் டூ முடித்துவிட்டு 'பி.எஸ்சி. வானிலையியல்' எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று தேடுகிறவர்கள் அதற்காக ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். நம் நாட்டில் இந்தப் படிப்பு பெரும்பாலும் முதுகலையில்தான் தொடங்குகிறது. அதுவரை உங்களிடம் இருக்க வேண்டியவை இயற்பியலும் கணிதமும். (வானியல் வேறு, வானிலையியல் வேறு. முன்னது நட்சத்திரங்களைப் பற்றியது. விண்ணப்பத்தில் இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

1. பிளஸ் ஒன் குரூப்

இயற்பியலும் கணிதமும் சேர்ந்து வரும் குரூப்பை எடுங்கள். கூடவே உயிரியலா, கம்ப்யூட்டர் சயின்ஸா என்பது உங்கள் விருப்பம். தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் குரூப்பில் கணிதம் கிடையாது.

2022இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சயின்டிஃபிக் அசிஸ்டென்ட் பணிக்கு, மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. 990 இடங்களை அறிவித்தது. அதற்கு பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். அதற்கு மேல், இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட பி.எஸ்சி., அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் பட்டம், அல்லது எலெக்ட்ரானிக்ஸ்-டெலிகம்யூனிகேஷன் டிப்ளமோ. மதிப்பெண் 60 சதவீதம் அல்லது 6.75 சி.ஜி.பி.ஏ. அரியர் வைத்து ஒப்பேற்றலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

2. இளங்கலை: அலைடு (துணைப்) பாடத்தைப் பாருங்கள்

முதல் தேர்வு, கணிதத்தை அலைடாகக் கொண்ட பி.எஸ்சி. இயற்பியல். ஈரக்காற்று மேலெழுந்து, குளிர்ந்து, மேகமாகும்போது வெளிவிடும் வெப்பத்தைக் கணக்கிட வெப்ப இயக்கவியல் வேண்டும். காற்றின் ஓட்டத்தைக் கணிக்க வகைக்கெழுச் சமன்பாடுகள் வேண்டும். முதுகலையின் முதல் செமஸ்டரிலேயே இரண்டும் வந்து நிற்கும்.

பி.எஸ்சி. கணிதமும் நல்லதுதான், ஆனால் பலர் சறுக்குவது இங்கேதான். எல்லாக் கல்லூரிகளிலும் இயற்பியல் அலைடாக வருவதில்லை. சில இடங்களில் புள்ளியியலோ கணக்குப்பதிவியலோ வரும். அப்போது 'இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட பட்டம்' என்ற வரியைக் காட்ட உங்கள் மார்க் ஷீட்டில் எதுவும் இருக்காது. அட்மிஷனுக்கு முன்பே ஆறு செமஸ்டருக்குமான பாடத்திட்டத்தை வாங்கி, அலைடு பத்தியைப் படியுங்கள். சேர்ந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு.

புவியியலில் காலநிலை ஒரு தாளாக வருகிறது என்று நம்பிச் சேராதீர்கள். இயற்பியல் இல்லாமல் அது இந்தக் கதவைத் திறக்காது. பி.இ. படிப்பவர்களுக்கு கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போகும் வழி உண்டு.

3. முதுகலை

எம்.எஸ்சி. வானிலையியலுக்கு கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (குசாட்) விசாகப்பட்டினத்தின் ஆந்திரப் பல்கலைக்கழகமும் பழக்கப்பட்ட இடங்கள். எம்.டெக். என்றால் டெல்லி ஐ.ஐ.டி.யின் வளிமண்டல அறிவியல் மையம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் வானிலையியல் தனிப் பாதை, அதற்கு பி.எஸ்சி. வேளாண்மை படித்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் தாளை எழுதலாம்.

4. படிக்கும்போதே பைத்தான்

பணம் கட்டிச் சான்றிதழ் கோர்ஸ் சேர வேண்டாம். லினக்ஸ், பைத்தான், வானிலைத் தரவைக் கையாளும் பைத்தான் தொகுப்பான எக்ஸ்அரே (xarray) போதும். ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியை வாசிக்கத் தெரிந்தால் கூடுதல் பலம், வானிலையைக் கணிக்கும் டபிள்யூ.ஆர்.எஃப். (WRF) மாடலின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. உலகின் கடந்தகால வானிலையைத் தொகுத்த ஈரா5 (ERA5) தரவு 1940 முதல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. 2015 டிசம்பர் 1, சென்னை பெருமழை நாளை எடுத்து, காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரத்தில் வீசிய காற்றை வரைந்து பாருங்கள்.

கோப்பை நெட்சிடிஎஃப் (NetCDF) என்ற தரவு வடிவில் இறக்கினால் அது எக்செல்லில் திறக்காது, எக்ஸ்அரேயில் திறக்க வேண்டும். தமிழகத்தை வெட்டியெடுக்க அட்சரேகையை 8, 14 என்று கொடுத்தால் வெற்றுப் படம்தான் வரும். ஈரா5இல் அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்குவதால் 14, 8 என்று தலைகீழாகக் கொடுக்க வேண்டும்.