'வண்டி இழுக்கும்' என்பது கணக்கல்ல: சிறு சரக்கு வண்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குட்டி யானையோ, தோஸ்த்தோ, பொலேரோ பிக்கப்போ, லோடு ஏற்றும் இடத்தில் எழும் முதல் பேச்சு “வண்டி இழுத்துடும்ணே, இன்னும் ரெண்டு மூட்டை போடுங்க” என்பதுதான். இழுத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எடை வரம்பு இன்ஜினை மட்டும் பார்த்து வைத்ததல்ல. பிரேக், டயர், அச்சு, ஸ்பிரிங், சேஸிஸ் எல்லாம் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று பார்த்து வைத்தது. இழுவையை வைத்து எடையை முடிவு செய்யும் பழக்கத்திலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் வருகின்றன.

ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். காலி வண்டியின் எடையும், சரக்கோடு சேர்ந்த மொத்த எடையும் அதில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. சட்டப்படி காலி எடையில் டிரைவரும் உடன் வருபவரும் சேர மாட்டார்கள். ஆக, வித்தியாசம் 750 கிலோ என்றால், இரண்டு ஆள் எடை 140 போக மிச்சம் 610. ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையில் 12 மட்டும். பிற்பாடு இரும்புக் கூண்டு அடித்திருந்தால் இன்னும் குறையும்.

கண்ணால் பார்த்து மட்டிடுவதும் ஆபத்து. எம்-சாண்ட் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. சுமார் நாலரை டன். அரை யூனிட் என்றாலே இரண்டு டன்னைத் தாண்டிவிடும், ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். ஆயிரம் லிட்டர் டேங்கில் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அது அரைகுறையாக நிரம்பியிருந்தால் வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியையும் இழுக்கும். சந்தேகம் வந்தால் எடை மேடையில் ஒரு முறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

பின்பக்கம் அமுங்குகிறது என்று ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டுக்கொள்கிறார்களே, அதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. பட்டை போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். பிரேக்கோ டயரோ துளியும் வலுவாகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பல பிக்கப்களில் பின் அச்சுப் பக்கம் ஒரு வால்வு இருக்கிறது. பாரத்தால் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து, பின் சக்கரங்களுக்கு எவ்வளவு பிரேக் அழுத்தம் தருவது என்று அது முடிவு செய்யும். பட்டை கூடி வண்டி இறங்காமல் நின்றால், லோடு குறைவு என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். அதிக பாரம் இருக்கும் நேரத்தில் பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும். முன் பிரேக் அத்தனை பாரத்தையும் சுமந்து சீக்கிரம் சூடாகும்.

எடை சரியாக இருந்தாலும் வைக்கும் இடம் தவறினால் பயனில்லை. கனமான பொருள் அடியில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பாரம் முழுக்க வால்பக்கம் சேர்ந்தால் முன் சக்கரங்கள் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு தளர்ந்துவிடும். டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். காற்று குறைந்த டயர், பாரத்தோடு சித்திரை வெயிலில் ஓடும்போதுதான் வெடிக்கும்.

ஓட்டும்போது வேகத்தை 40-லிருந்து 60-க்கு ஏற்றினால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டே கால் மடங்காகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பலாவும் வாழையும் ஏற்றி இறங்குகிறவர்கள், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழுச் சுமையும் பிரேக் மேல் விழுந்து, சூட்டில் அது பிடிக்காமல் போகும். இன்ஜினையும் அணைத்தால் பிரேக் பெடலுக்குத் துணை செய்யும் வேக்யூம் தீர்ந்து, மிதி கல்லாகிவிடும்.

காது குத்து, கல்யாணம், களை வெட்டு என்று சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றவே கூடாது. 25 பேர் என்றால் சுமார் ஒன்றரை டன். அதுவும் நின்றுகொண்டு வரும் பாரம், வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். பிடித்துக்கொள்ள ஒழுங்கான கம்பிகூட இருக்காது. அப்படி ஏறியவர்களுக்குச் சரக்கு வண்டிக் காப்பீட்டில் இழப்பீடு கிடைப்பதும் பெரும்பாடு.

சரி, அபராதம்? மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், மிகுதியை இறக்கும் செலவு தனி. அந்தப் பிரிவு ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்தவரையும் அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. அதனால் வண்டியைக் கூப்பிடும்போதே சரக்கு எத்தனை கிலோ என்று சொல்லிவிடுங்கள். இரண்டு நடை ஆகும் என்று டிரைவர் சொன்னால், பேரம் பேசாமல் இரண்டு நடைக்கும் வாடகை கொடுங்கள்.