பின்மனிதர்களின் தோற்றம்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்நுட்பத்தால் உடலையும் அறிவையும் மாற்றிக்கொண்டு மனிதர் என்ற எல்லையைக் கடந்து செல்லக்கூடியவர்கள் ஒரு சாரார். மனித உடலில் பிறக்காமலே நமக்கு நிகராக எழக்கூடிய செயற்கை அறிவுகள் இன்னொரு சாரார். இரண்டையும் சேர்த்தே இங்கே பின்மனிதர் என்கிறேன். அவர்கள் இன்னும் வரவில்லை. ஆனால் அவர்களை நாம் எப்படிப் பார்க்கப்போகிறோம் என்பதை இன்றைய ரோபோக்களும் செயற்கைக் கால்களும் இப்போதே பழக்கிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இன்றைய பிழைகள் என்னைக் கவலைப்படுத்துகின்றன.

அச்சு அசலாக மனிதரைப் போலவே செய்துவிட்டால் நெருக்கம் தானாக வந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி இதை 1970-லேயே எச்சரித்தார். மனிதச் சாயல் கூடக் கூட நமக்குப் பிரியமும் கூடும்; ஆனால் முழு ஒற்றுமைக்குச் சற்று முன்னால் அந்தப் பிரியம் திடீரென்று திகிலாகச் சரியும். அந்தச் சரிவைத்தான் அவர் பள்ளத்தாக்கு என்றார். அவர் காட்டிய உதாரணம் ஒரு செயற்கைக் கை. பார்வைக்கு நிஜக் கையேதான். குலுக்கினால் எலும்பில்லாத குளிர்ச்சி. அதற்கு அவர் சொன்ன மாற்றுவழி பலருக்கு நினைவில் இல்லை. மூக்குக்கண்ணாடி கண்ணைப் போல நடிப்பதில்லை, ஆனாலும் முகத்துக்கு அழகு சேர்க்கிறது. புத்தர் சிலை செதுக்கும் கலைஞர் மரத்தில் வடித்த கையும் தசையாக நடிக்காமலே அழகாக இருக்கிறது. வேறாக இருப்பதை வேறாகவே காட்டி, அதை அழகாகவும் காட்ட முடியும் என்பதுதான் இதன் பொருள். வடிவமைப்பாளர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது என்பேன்.

முகமில்லாத உருவத்தோடு யாரும் ஒட்டமாட்டார்கள் என்பதும் தவறான கணக்கு. ஹைடர், சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தைக் காட்டி, 1944-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த வடிவங்களை உயிருள்ளவையாக எண்ணி, துரத்தலும் சண்டையுமாகக் கதை சொன்னார்கள். முகத்தைவிட அசைவு அதிகம் பேசும்.

உள்ளே இல்லாததை வெளியே காட்டுவது இவற்றைவிடப் பெரிய தவறு. கேமரா மார்பில் இருக்க, முகத்தில் வெறும் அலங்காரக் கண்களைப் பொருத்தினால், அந்தக் கண்களைப் பார்த்துப் பேசுகிறவர் ஏமாற்றப்படுகிறார். செயற்கை அறிவோடுதான் பேசுகிறோம் என்பது மனிதருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது 2024-இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். நல்ல தொடக்கம். ஆனால் வாய் ஒன்று சொல்ல, உடல் வேறொன்று சொன்னால் நாம் உடலைத்தான் நம்புவோம். பணிந்துபோகும் பெண்குரலைக் கைபேசியில் பேசும் செயற்கை உதவியாளருக்குப் பொருத்துவதும் இதே வகைதான். அது பெண்களைப் பற்றிய பழைய எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது என்று யுனெஸ்கோ 2019-இல் கண்டித்தது.

பார்ப்பவரின் வசதிக்காக மற்றவரின் உடலைத் தீர்மானிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மலையேற்றத்தில் இரு கால்களையும் இழந்த ஹியூ ஹெர், பாறை இடுக்குகளில் நிற்கத் தோதான பாதங்களைத் தனக்குத் தானே வடிவமைத்துக்கொண்டு மீண்டும் ஏறினார். கால்களை இழந்த ஓட்ட வீராங்கனை ஏமி மல்லின்ஸ், 1999-இல் மரத்தில் செதுக்கிய கால்களோடு லண்டன் ஆடை அலங்கார மேடையில் நடந்தார். பலர் அவற்றைக் காலணிகள் என்றே நினைத்தார்கள். குறையை மறைக்கும் தோல்நிற உறையை மட்டும் இவர்களுக்குக் கொடுத்திருந்தால், நாம் எவ்வளவு இழந்திருப்போம்!

கடைசியாக, பார்ப்பவர்கள் நாம் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. தலையில் ஆன்டெனா பொருத்திக்கொண்ட நீல் ஹார்பிசன், நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு, புற ஊதாக் கதிர்களையும் ஒலியாக உணர்கிறார். முகத்தின் நுண்ணிய நிறமாற்றத்திலிருந்து நாடித்துடிப்பைக் கணிக்கக் கேமராக்களால் இப்போதே முடிகிறது. நாளை எதிரில் நிற்பவர் நம் பதற்றத்தைத் தோலில் படிக்கக்கூடும். மடிக்கணினியின் கேமரா இயங்கும்போது ஒரு சிறு விளக்கு எரிகிறதல்லவா? அதுபோல, எந்தப் புலன் எப்போது திறந்திருக்கிறது என்பதை அவர் உடலிலேயே நாம் காண வழி இருக்க வேண்டும். அந்த அடையாளம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இரு தரப்பும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும்.