ஏழு கிலோவுக்குள் வெளிநாடு: கைப்பை மட்டும் கொண்டு போவது எப்படி?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் போய் முதல்முறை விமானம் ஏறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு பத்து நாளில் திரும்புவதென்றால் செக்-இன் பெட்டி, அதாவது கவுண்டரில் ஒப்படைத்து அனுப்பும் பெட்டி, தேவையே இல்லை. இறங்கியதும் பெட்டி வரும் பெல்ட் முன்னால் காத்து நிற்கவும் வேண்டாம், இடையில் விமானம் மாறும்போது பெட்டி தொலையும் பயமும் வேண்டாம்.

படி 1: டிக்கெட்டைப் படியுங்கள். எகானமி வகுப்பில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான். அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இண்டிகோவில் 55 × 35 × 25 செ.மீ., எமிரேட்ஸில் 55 × 38 × 22 செ.மீ. சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களின் விமானத்தில் மாறிப் போகிறீர்களா? எதில் குறைவோ அதுதான் உங்கள் அளவு.

படி 2: வெறும் பையை எடை போடுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சக்கரம் வைத்த டிராலி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ வரும். மிச்சம் நாலு கிலோவில் என்னத்தை வைப்பது? முதுகில் மாட்டும் பை ஒரு கிலோ சுற்றித்தான் இருக்கும். தோள்வலி, முதுகுவலி இல்லாதவர்கள் அதையே எடுங்கள். தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், திரும்பி வரும்போதும் உதவும்.

படி 3: எடையைப் பங்கு போடுங்கள். எங்கள் கணக்கு இது: பை 1.1 கிலோ, துணி 2.6, செருப்பு 0.3, சோப்பு சீப்பு வகையறா 0.5, சார்ஜர் பவர்பேங்க் 0.8, மருந்தும் காகிதங்களும் 0.3, தின்பண்டம் 0.8. மொத்தம் 6.4 கிலோ. மிச்சம் 600 கிராமை நிரப்பாதீர்கள். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒன்றுபோல் காட்டாது.

படி 4: துணி. பத்து நாளைக்கு நாலு செட் போதும், இடையில் ஒருமுறை துவைத்தால் சரி. ஜீன்ஸ், ஷூ, ஜாக்கெட் எல்லாம் உடம்பில் இருக்கட்டும். ஒரு ஜீன்ஸே 600 கிராமுக்கு மேல் வரும். கனத்த டர்க்கி டவலை வீட்டில் வைத்துவிட்டு, நம்மூர் துவர்த்து (மெல்லிய பருத்தித் துண்டு) ஒன்றை எடுங்கள். எடை இல்லை, சீக்கிரம் காயும். துவைத்துப் பிழிந்த சட்டையை அதில் வைத்துச் சுருட்டி முறுக்கினால் தண்ணீர் பாதி இறங்கிவிடும். மழைக்காலத்தில் கிளம்பினால், துணி நன்றாகக் காய்ந்த பிறகே அடுக்குங்கள். லேசான ஈரம் இருந்தாலும் மறுநாள் பை முழுக்க முடை நாற்றம்தான்.

படி 5: திரவம். ஒவ்வொரு குப்பியும் 100 மி.லி.க்குள் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். பார்ப்பது குப்பியின் அளவைத்தான். 200 மி.லி. குப்பியில் கால்வாசி எண்ணெய் இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தாலும் திரவம்தான். பற்பசையும் இந்தக் கணக்கில் சேரும்.

படி 6: மின்சாதனம். பவர்பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். அதன் மின்கொள்ளளவு 100 வாட்-ஹவருக்குள் (Wh) இருந்தால் சிக்கல் இல்லை, 20,000 எம்.ஏ.எச். (mAh) என்றால் சுமார் 74 வாட்-ஹவர். அளவு அச்சிட்ட எழுத்து அழிந்திருந்தால் தடுப்பார்கள். துபாய், சிங்கப்பூர், மலேசியா மூன்றிலும் சதுரக்கால் மூன்று பின் பிளக், அதனால் ஒரே அடாப்டர் போதும்.

படி 7: தின்பண்டம். மனசு கேட்காத இடம் இதுதான். பிள்ளைக்கு வெறுங்கையோடு போக யாருக்கு மனம் வரும்? ஆனால் ஊறுகாய், நெய், மார்த்தாண்டம் தேன் எல்லாமே திரவக் கணக்கு. மிளகாய்ப்பொடி கைப்பையில் ஆகாது. கொப்பரையில் எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும் என்பதால் அதையும் விடமாட்டார்கள். கசகசா சேர்ந்த மசாலாப் பொடியைத் தொடவே தொடாதீர்கள். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா போதைப்பொருள் சட்டத்தில் வரும். கருவாட்டு வாடை துணியெல்லாம் ஏறும். ஏத்தங்காய் சிப்ஸ் எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். கால் கிலோ பாக்கெட் ஒன்று போதும். நாங்கள் சொல்வது பயறும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் முந்திரிக்கொத்து. உடையாது, ஒழுகாது, பல நாள் கெடாது. டப்பா வேண்டாம், கட்டியான கவரில் போட்டு பையின் நடுவில் துணிக்கு இடையே வையுங்கள்.

படி 8: அடுக்கும் வரிசை. கனமானது முதுகோடு ஒட்டி இருக்கட்டும். திரவப் பையும் சார்ஜர்களும் மேலே, சட்டென்று எடுக்க வாகாக. மருந்தோடு டாக்டர் சீட்டும், அட்டையில் மாத்திரைப் பெயர் தெரியும்படியும் இருக்கட்டும்.

திரும்பும்போது கடையில் வாங்கிய பெரிய சென்ட் பாட்டில் கைப்பையில் வராது. விமான நிலைய டூட்டி ஃப்ரீயில் (வரியில்லாக் கடையில்) வாங்கினால் முத்திரை வைத்த கவரில் தருவார்கள். ரசீதோடு அப்படியே கொண்டுவாருங்கள், வீடு சேரும்வரை பிரிக்காதீர்கள்.