அலெக்சாந்திரியாவில் கடல் பார்த்த அறை எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எகிப்துக்குப் போகிற நம்மவர்கள் பலர் கெய்ரோவில் தங்கிக்கொண்டு அலெக்சாந்திரியாவை ஒரே பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரவு தங்கப் போகிறவர்களுக்குத்தான் இது. இந்த ஊரில் நடுத்தரச் செலவில் கிடைக்கும் கடலோர ஓட்டல்கள் பல, கோர்னிஷ் என்கிற கடற்கரைச் சாலையைப் பார்த்தபடி நிற்கும் பழைய கட்டடங்களின் மேல்மாடிகளில் இருக்கின்றன, கீழே துணிக்கடையோ காபிக் கடையோ இருக்கும், மேலே வழக்கறிஞர் அலுவலகம், அதற்கும் மேலே உங்கள் ஓட்டல். வாடகை கூடுவது அறைக்காக அல்ல, அந்த ஜன்னலுக்காக. அந்த ஜன்னல் வழியாகக் காட்சியோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் உள்ளே வரும் என்று கேட்காமலேயே பதிவு செய்துவிடுவதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகள் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நமக்குக் கடல் என்றால் கிழக்கு. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கடல் பார்த்த வீடு என்றால் காலை வெயில் நேரே உள்ளே வரும். அலெக்சாந்திரியாவில் கடல் வடக்கே இருக்கிறது. கடல் பார்த்த அறை என்றால் வடக்கு பார்த்த அறை, அதாவது நேர் வெயில் ஏறக்குறைய வராத அறை. ஜூலையில் இது பெரிய வரம், வடக்கிலிருந்து வரும் காற்று ஏசியே வேண்டாம் என்கிற அளவுக்கு இருக்கும். ஜனவரியில் கதையே வேறு. இரவு வெப்பநிலை 9, 10 டிகிரிக்கு இறங்கும், எகிப்துதானே, பாலைவனம்தானே என்று நினைத்து ஒரு பருத்திச் சட்டையோடு வந்தவர் போர்வைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். சின்ன ஓட்டல்களில் ஹீட்டர் இருக்கும் என்று நம்ப வேண்டாம். சில ஏசிகளில் சூடாக்கும் வசதி உண்டு, ஆனால் அது வேலை செய்கிறதா என்று சாவி வாங்கும்போதே போட்டுப் பார்க்க வேண்டும், ராத்திரி பதினொரு மணிக்கு அல்ல. துவைத்துப் போட்ட துணியும் அந்த அறையில் இரண்டு நாளானாலும் காயாது.

குளிர்காலத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது. நவம்பரிலிருந்து மார்ச் வரை இந்தக் கடலில் வரும் புயல் மழையை ஊர்க்காரர்கள் நவ்வா என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பேரும் உத்தேசத் தேதியும் வைத்திருக்கிறார்கள்: நவம்பர் நடுவில் மக்னஸா, டிசம்பர் தொடக்கத்தில் காசிம், ஜனவரியில் பெரிய ஃபைதா, மார்ச்சில் ஹுஸூம் என்று மீனவர்கள் வாயில் ஒரு பஞ்சாங்கமே ஓடும். நவ்வா வந்தால் அலை தடுப்புச் சுவரைத் தாண்டிச் சாலையில் விழும், மரச் சட்டம் போட்ட பழைய ஜன்னல் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும், தெருக்களில் தண்ணீர் தேங்கும். 2015 அக்டோபரில் பெய்த மழையில் ஊர் மூழ்கி, ஆளுநரே பதவி விலகினார் என்றால் வடிகால் லட்சணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த மாதங்களில் போகக் கூடாது என்று சொல்லவில்லை. என்னைக் கேட்டால் கூட்டமில்லாத, வெளிச்சம் அழகாக இருக்கிற காலம் அதுதான். ஆனால் அறைக்குள் போனதும் ஜன்னல் கொண்டி சரியாக மாட்டுகிறதா, கதவுக்கடியில் தண்ணீர் வந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள், கொண்டி மாட்டவில்லை என்றாலோ கறை இருந்தாலோ வேறு அறை கேளுங்கள். அப்போது காலி அறை நிறைய இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

கோடையில் பிரச்சினை இரைச்சல். ஜூலை, ஆகஸ்டில் கெய்ரோவில் வெயில் தாங்காமல் பாதி ஊர் இங்கே வந்துவிடும். எகிப்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஆகையால் வியாழன் இரவு கோர்னிஷில் கல்யாண ஊர்வலக் கார்கள் ஹாரனைத் தாளம் போட்டு அடித்துக்கொண்டு நள்ளிரவு தாண்டியும் போகும். கடல் அலைச் சத்தத்தில் தூங்கலாம் என்று கனவோடு வந்தவர்கள் காதில் பஞ்சு தேடுவார்கள். உங்கள் ஜன்னலுக்கும் கடலுக்கும் நடுவே இரு பக்கமும் வண்டிகள் பறக்கிற அகலமான சாலை இருக்கிறது என்பதைப் படங்களில் காட்டவே மாட்டார்கள், பால்கனியிலிருந்து மேலே தூக்கி எடுத்த படமாகத்தான் இருக்கும். எனவே மாடி முக்கியம். இரண்டாம் மாடியும் ஏழாம் மாடியும் ஒரே விலை என்றால் ஏழாம் மாடியை எடுங்கள், லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு.

அப்புறம், 'கடல் காட்சி' என்று போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. நேரே கடல் பார்த்த அறை ஒன்று. பக்கத்துத் தெருவைப் பார்த்தபடி இருந்து, பால்கனியில் போய்க் கழுத்தைத் திருப்பினால் ஒரு துண்டு நீலம் தெரிகிற அறை இன்னொன்று. மூன்றாவது வகையில் அறைக்குள் இருப்பது கட்டடத்துக்கு நடுவே காற்றுக்காக விட்ட இடுக்கைப் பார்த்த ஜன்னல், கடல் தெரிவது பொதுக்கூடத்தில் இருந்து மட்டும். மூன்றுக்கும் ஒரே வார்த்தைதான் போடுவார்கள், பதிவு செய்யும் முன் 'படுக்கையில் இருந்து கடல் தெரியுமா, எத்தனையாவது மாடி' என்று ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள், பதில் எழுத்தில் இருந்தால் போய் நின்று பேச வசதி. என் கணக்கு இது: ஒரு இரவு மட்டும் என்றால் நேர்க் காட்சி அறைக்குக் காசு கொடுக்கலாம். மூன்று நான்கு இரவு என்றால், அதுவும் குளிர்காலம் என்றால், பக்கவாட்டு அறையை எடுத்து மிச்சக் காசில் மீன் சாப்பிடலாம். 1929இல் திறந்த செசில் ஓட்டல் இருக்கிற சாத் ஸக்லூல் சதுக்கத்தைச் சுற்றியே எளிய விடுதிகளும் இருக்கின்றன, அங்கே தெரிகிற அதே வளைகுடாதான் இங்கேயும் தெரியும்.

கடலோர ஓட்டல் என்றால் இறங்கினதும் குளிக்கலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. நகர நடுவில் உங்கள் ஜன்னலுக்கு எதிரே இருப்பது கிழக்குத் துறைமுகம், ஒரு முனையில் காய்த்பாய் கோட்டையும் மறுமுனையில் ஸில்ஸிலா முனையும் உள்ள அரைவட்ட விரிகுடா. மீன்பிடிப் படகுகள் கட்டிக் கிடக்கும், கரையில் சுவரும் சிமெண்டுக் கட்டிகளும்தான், மணல் தேடாதீர்கள். குளிக்க வேண்டுமென்றால் கிழக்கே ஸ்டான்லி, ஸீதி பிஷ்ர், மந்தஸா என்று வண்டி பிடித்துப் போக வேண்டும். பெரிய சரக்குக் கப்பல்கள் பார்க்கலாம் என்று வருகிறவர்களுக்கும் ஏமாற்றம்தான், அவை நிற்பது மேற்குத் துறைமுகத்தில். பழைய காலத்தில் முக்கியத் துறை இந்தக் கிழக்குப் பக்கம்தான் இருந்தது. சேரர் துறைமுகமான முசிறியோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் ஒன்று, கி.பி. 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ், வியன்னாவில் இருக்கிறது. அதில் வரும் ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த தந்தமும் நறுமணப் பொருளும் செங்கடலில் இறங்கி, பாலைவனம் தாண்டி, நைல் வழியாக இந்த ஊர்ச் சுங்கக் கிடங்குக்கு வந்து நாலில் ஒரு பங்கு வரி கட்ட வேண்டியிருந்தது. சேர நாட்டுச் சரக்கு வந்த ஊர் என்று பால்கனியில் உட்கார்ந்து நினைத்துக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, ஓட்டலுக்குப் போய்ச் சேருவதிலேயே ஒரு குழப்பம் உண்டு. கெய்ரோவிலிருந்து ரயிலில் வந்தால் முதலில் ஸீதி காபிர், கடைசியில் மிஸ்ர் ஸ்டேஷன். நடு ஊர் ஓட்டல்காரர்கள் 'ரம்ல் ஸ்டேஷன் பக்கத்தில்' என்று முகவரி சொல்வார்கள். ரம்ல் ஸ்டேஷன் ரயில் நிலையம் அல்ல, கடற்கரைக்கு அருகே உள்ள டிராம் முனையம். இது தெரியாமல் ஸ்டேஷன் என்றதும் அவசரமாக ஸீதி காபிரில் இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. கடைசி வரை உட்கார்ந்து மிஸ்ர் ஸ்டேஷனில் இறங்குங்கள், பெட்டி கனமில்லை என்றால் பழைய புத்தகக் கடைகள் இருக்கிற நபி தானியல் தெரு வழியாக நடந்தே போய்விடலாம். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிற தமிழர்கள் நேராக விமானத்தில் வந்தால் இறங்குவது புர்ஜ் அல்-அரபில். அது நகருக்குத் தென்மேற்கே 40 கிலோமீட்டருக்கு மேல், இரவு விமானம் என்றால் வண்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள். ஊருக்குள் ஓடும் கறுப்பு மஞ்சள் டாக்சியில் ஏறும் முன் தொகையைப் பேசிவிட வேண்டும், பேசப் பிடிக்காதவர்களுக்கு ஊபர் இருக்கிறது.

கட்டட வாசலில் ஒரு காவலாள் உட்கார்ந்திருப்பார், பவ்வாப் என்பார்கள். ஒரே கட்டடத்தில் வெவ்வேறு மாடிகளில் இரண்டு மூன்று விடுதிகள் இருக்கலாம். வாசலில் நிற்கிற யாராவது 'அந்த ஓட்டல் மூடிவிட்டது, இங்கே வாருங்கள்' என்றால் நம்பாமல் பலகையில் உள்ள பெயரையும் மாடி எண்ணையும் பார்த்து மேலே போங்கள். லிஃப்ட் மரக்கதவும் கம்பிக் கதவும் வைத்த பழைய வகையாக இருந்தால், மேலே இறங்கினதும் இரண்டு கதவையும் சரியாகச் சாத்தாமல் போகாதீர்கள், சாத்தாவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும், கீழே நிற்கிற பாட்டி உங்களை அரபியில் வாழ்த்துவார்.

அறைக்குள் நான் முதலில் பார்க்கச் சொல்வது குளியலறை, கடலை அல்ல. சில பழைய கட்டடங்களில் வெந்நீருக்குக் கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருப்பார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டு அதைப் போட்டுக் குளிப்பது உயிருக்கே ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை வெளியே போகக் குழாய் இல்லாத கீசர் என்றால் வேறு அறை, அல்லது வேறு ஓட்டல், இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம். நல்ல செய்தி, கழுவிக்கொள்ளத் தண்ணீர் எங்கும் உண்டு, நம்மைப் போலவே அவர்களும். பல இடங்களில் கழிப்பறைப் பீங்கானுக்குள்ளேயே சின்னக் குழாய் வைத்திருப்பார்கள், பக்கத்துத் திருகை மெதுவாகத் திறக்கவும், வேகமாகத் திறந்தால் கூரை வரை அடிக்கும். பால்கனியையும் ஒரு பார்வை பாருங்கள். உப்புக்காற்று இரும்பை உள்ளிருந்தே தின்கிற ஊர், கைப்பிடியில் துரு வழிந்து சிமெண்டு பெயர்ந்திருந்தால் அதில் சாய்ந்து படம் எடுக்க வேண்டாம். மின்சாரம் 220 வோல்ட், இரண்டு உருண்டை முள் கொண்ட நம் போன் சார்ஜர் பெரும்பாலும் பொருந்தும், மூன்று முள் பிளக் பொருந்தாது.

பணத்தில் செய்யும் தவறு, பழைய விலைகளை நம்புவது. 2024 மார்ச்சில் எகிப்து பவுண்டு ஒரே நாளில் சரிந்து, டாலருக்கு 31 என்று இருந்தது 50 பக்கம் போய்விட்டது, அதற்கு முன் எழுதிய எந்தப் பயணக் குறிப்பின் வாடகையும் இப்போது உதவாது. டாலரில் பதிவு செய்துவிட்டு அங்கே பவுண்டில் கட்டச் சொன்னால் எந்த மாற்று விகிதம் என்று முதலிலேயே கேளுங்கள். சொன்ன விலையில் 14 சதவீத வரியும், அதோடு சேவைக் கட்டணமும் அடங்கியிருக்கிறதா என்பதும் அதே கேள்வியில் வரட்டும். கார்டு இயந்திரம் இருக்கிறது என்பார்கள், நீங்கள் கிளம்பும் அன்று அது வேலை செய்யாது, எனவே ரொக்கம் கையில் இருக்க வேண்டும். மிக மலிவான சில விடுதிகளுக்கு வெளிநாட்டவரைத் தங்கவைக்க அனுமதி கிடையாது, ராத்திரி போய் நின்று திரும்பி வர நேராமல் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைப் பதிவுக்காக வாங்குவது வழக்கம், நகல் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தரச் சொல்லுங்கள்.

காலை உணவு சேர்ந்த வாடகைக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், எளிய ஓட்டலில் அது ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு முட்டை, தேநீர். ரம்ல் ஸ்டேஷன் அருகே முகமது அஹ்மது கடையில் ஃபூல் என்கிற வெந்த மொச்சை வகையும், அதே பருப்பை அரைத்துப் பொரித்த தாமியாவும் சுடச்சுடக் கிடைக்கும், சைவர்கள் ஒரு வாரம் கூட அதிலேயே ஓட்டலாம். மீன் சாப்பிட பஹரி, அன்ஃபூஷி பக்கம் போங்கள், ஐஸில் கிடக்கிற மீனை நீங்களே தேர்ந்து எடை போட வேண்டும். கிலோ என்ன விலை, சமையல் கூலி அதில் சேர்ந்ததா, சோறும் சாலட்டும் தனிக் கணக்கா என்பதைத் தராசில் மீன் ஏறுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

கோர்னிஷைக் கடக்கும்போது ஓடாதீர்கள். சில இடங்களில் சுரங்கப்பாதை இருக்கிறது, இல்லாத இடத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் இறங்கும் வரை காத்திருந்து அவர் பக்கத்திலேயே, அவர் வேகத்திலேயே நடப்பதுதான் வழி. கிளம்பும் அன்று அறையைக் காலி செய்யும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையே அரை நாள் கிடைக்கும். பெட்டியை வரவேற்பறையில் வைத்துக்கொள்ள அநேகமாக எல்லோரும் சம்மதிப்பார்கள், பார்த்துக்கொள்கிற பையனுக்குக் கொஞ்சம் சில்லறை கொடுத்தால் போதும். கோடையில் வெள்ளி, சனி மாலை கெய்ரோ ரயில்கள் நிரம்பிவிடும், அந்தச் சீட்டை வந்து இறங்குகிற அன்றே மிஸ்ர் ஸ்டேஷனில் எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போங்கள்.