சிறைக்குள் எழுத்து வகுப்பு: வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள்

செல்போனை வாசலிலேயே கொடுக்க வேண்டும், கம்பி போட்ட நோட்டு கூடாது என்பதெல்லாம் வார்டரே சொல்லிவிடுவார். எழுத்து வகுப்பு எடுக்கப் புதிதாக வருகிறவர்கள், ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

'நான் செய்த தவறு' என்று தலைப்புக் கொடுப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். மனப்பாரம் இறங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 76 பேர் விசாரணைக் கைதிகள். தவறு செய்தார்களா என்று நீதிமன்றமே இன்னும் சொல்லவில்லை.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. உங்களுக்குத் தன் கைப்பட எழுதிக் கொடுத்த தாளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அறைச் சோதனையில் அது யார் கையிலும் சிக்கலாம். மேல்முறையீடு நிலுவையில் உள்ள தண்டனைக் கைதிக்கும் இதே ஆபத்துதான்.

ஒரு வகுப்பில் புதிய தன்னார்வலர் இந்தத் தலைப்பைப் பலகையில் எழுதினார். கடைசி வரிசைப் பையன், இருபது வயது இருக்கும், "சார், இது கோர்ட்டுக்குப் போகுமா?" என்றான். போகவே போகாது என்று அவர் அடித்துச் சொன்னார். எந்தத் தைரியத்தில் சொன்னார்? பையன் தாளின் மேலே பெயரை எழுதினான். பிறகு அதையும் பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்துவிட்டு, தாளை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த வகுப்புக்கு அவன் வரவில்லை.

முதல் நாள் ஊர் பஸ் ஸ்டாப்பைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். வீட்டில் குழம்பு தாளிக்கும் வாசனையை எழுதச் சொல்லுங்கள். வழக்கைத் தொடாமலே ஒருவர் தன்னைப் பற்றி எவ்வளவோ கண்டுகொள்ள முடியும். மற்றதை, வக்கீலைக் கேட்டுக்கொண்டு, வேண்டுமானால் அவராகவே எழுதுவார்.

பிளாக்கைப் பூட்டும் நேரத்தில் அழவைத்து அனுப்புவது

வேதனையை எழுதிய உடனே மனம் லேசாகிவிடாது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்விலேயே, எழுதி முடித்த கையோடு மனம் கனத்தது. பலன் பிறகுதான் தெரிந்தது. வகுப்பு முடிந்ததும் நாம் வீட்டுக்குப் போகிறோம், அவர் பூட்டிய பிளாக்குக்குள் போகிறார். அங்கே அழுதால் கேலி செய்ய ஆள் உண்டு. கனமானதை முதல் அரைமணியில் முடித்துவிட்டு, கடைசியில் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள்.

எழுத்துப்பிழை திருத்துவது

வேண்டாம்.

எழுதத் தெரியாதவரை ஓரமாக உட்காரவைப்பது

அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதட்டும். அந்த இன்னொருவர் யார் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

எழுதியதை வெளியே எடுத்துப்போவது

எழுதியவரைக் கேளுங்கள். சரி என்றாலும், அடுத்த வகுப்பில் மறுபடி கேளுங்கள்.